மின்தடை நாளில் ஓர் அளவு

சித்தோட்டில் ஒரு தறிக்கொட்டகை,
அதன் மாடியில் எங்கள் நீர் ஆய்வுக்கூடம்.
கீழே இருபத்திநான்கு தறி.
மேசையின் நான்கு காலுக்கும்
ஸ்கூட்டர் டியூபை வெட்டி மாட்டியிருக்கிறேன்.
அப்படியும் பீக்கர் தண்ணீரில் வளையம் விழும்.

கருவி 0.038 என்கும்.
கண் சிமிட்டினால் 0.043,
மறுபடி 0.035.
அதே கண்ணாடிக் குப்பி, அதே தண்ணீர்,
சந்தேகப்பட்டுப் பார்த்தால் மட்டும் தெரிகிற
அதே கத்திரிப்பூ நிறம்.
குரோமியத்துக்கு எங்கள் கோடு 0.039.
கோட்டுக்கு இந்தப் பக்கம் குடிக்கலாம்,
அந்தப் பக்கம் கூடாது.

போன மாதம் சென்னியப்பன் கிணற்றுக்கு
'எல்லைக்குள்' என்று கையெழுத்துப் போட்டேன்.
மூன்று முறை பார்த்ததில் இரண்டு முறை இந்தப் பக்கம்.
பெரும்பான்மை என்று விட்டுவிட்டேன்,
பஞ்சாயத்து எலெக்சன் மாதிரி.
"கன்னுக்குட்டிக்கும் இதேதானுங் காட்டறோம்" என்று
முந்நூற்றைம்பது ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் கருவியோடு சண்டை பிடித்தேன்.

விளக்கு சூடேற முக்கால் மணி நேரம் விட்டேன்.
குப்பியில் என் கட்டைவிரல் ரேகையைக் கண்டுபிடித்தேன்.
உள்சுவரில் ஒட்டிய குமிழியைச் சுண்டிவிட்டேன்.
ஒரு முகத்தில் புள்ளி வைத்து
எப்போதும் அந்த முகமே வெளிச்சம் பார்க்கும்படி நிறுத்தினேன்.
மூடி இடுக்கில் மதிய வெயில் புகுந்தது.
பனியன் கம்பெனிக் கழிவில் கருப்பு ரிப் துணி,
கிலோ முப்பது ரூபாய்,
இரண்டு மடிப்பாகப் போர்த்தினேன்.

விளக்கை மறைத்து இருட்டையும் அளந்தேன்.
இருட்டு பூஜ்யம் இல்லை.
அதற்கும் ஓர் எண் இருந்தது, கழித்தேன்.
வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு,
நூறு தடவை.
கூட்டி வகுத்தால் நடுக்கம்
பத்தில் ஒன்றாக வேண்டும் என்கிறது கணக்கு.
பாதிகூடக் குறையவில்லை.

நூறு பேர் அவரவர் போக்கில் தள்ளாடினால்
சராசரி நேராக நிற்கும்.
நூறு பேரையும் ஒரே கை பிடித்து ஆட்டினால்?
நாடா ஓட ஓட மின்சாரம் முழங்கால் மடக்கியது,
விளக்கும் கூடவே மடங்கியது.

செவ்வாய்க்கிழமை, பராமரிப்பு மின்தடை,
ஒன்பதிலிருந்து ஐந்து வரை.
"இன்னைக்கு லீவு போட்டுக்க அம்மணி" என்றார் முதலாளி.
போடவில்லை.
விடிகாலையிலேயே சென்னியப்பன் தோட்டத்துக்குப் போய்
ஒரு கேன் பிடித்து வந்திருந்தேன்,
தம்பியின் டெம்போ பேட்டரியையும்.
பன்னிரண்டு வோல்ட்டில் விளக்கு
அசையாமல் எரிந்தது.
ஊரே நின்றிருந்தது.
கீழே யாரோ ஒரு தார்க்குச்சியை உருட்டியது
மாடிவரை கேட்டது.

0.0412.
0.0411.
0.0412.
நூறு தடவையும் கடைசி இலக்கம் மட்டுமே
இடம் மாற்றி உட்கார்ந்தது.

இரைச்சல் இருந்தவரை எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கிறது:
சென்னியப்பனுக்கு, எனக்கு,
வாய்க்கால் மேட்டில் பெயர்ப்பலகை வைக்காத அந்த ஆலைக்கு.

ஒரு மாதத்தில் தண்ணீர் மாறியிருக்கலாமே
என்று ஒரு பதில் வந்தது.
அதில் நடுக்கமே இல்லை,
முதல் தடவையே சுத்தமாக வந்தது.
அதனாலேயே நம்பவில்லை.

பேனாவால் எழுதினேன்.
எண், அதன் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி,
என் தவறுக்கு எவ்வளவு இடம் விட்டேன் என்பதும்.
எழுதி முடிக்கையில் நாலே முக்கால்.
கரண்ட் முன்னாலேயே வந்துவிட்டது.
தறி ஒவ்வொன்றாக எழுந்தது, மேசை உறுமியது,
திரையில் எண்கள் மறுபடி குதிக்கத் தொடங்கின.

காதைப் பொத்திக்கொண்டு போன் போட்டேன்.
"சொல்லுங் அம்மணி" என்றார்.
அவருக்குப் பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
கரண்ட் வந்ததும்
தொட்டிக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்.