விடைப்பக்கம் கிழிந்த புத்தகம்

ஒரு பக்கத்தில் நாற்பது கணக்கு.
படம் வேண்டாம், பீட்சாத் துண்டு வேண்டாம்,
கண்ணாடி போட்ட ஆந்தை வேண்டவே வேண்டாம்.
எளியதில் தொடங்கி
பத்தாவதில் ஒரு பூஜ்ஜியத்தை ஒளித்து
முப்பதுக்கு மேல் கொஞ்சம் கொடுமை செய்து
நாற்பதில் விட்டுவிட வேண்டும்.
நான் தேடியது இவ்வளவுதான்.

பிராண்டன் நகரில் அது கிடைக்கவில்லை.
பள்ளி நூலகத்தில், பழையதெல்லாம்
கோடையிலேயே காகிதக் கூழுக்குப் போனது என்றார்கள்.
மாவட்ட அலுவலகத்தில்
ஒரு பெட்டி வண்ணக் கட்டைகள் கொடுத்தார்கள்.
கட்டைகளைக் குறை சொல்ல மாட்டேன்.
ஏழாம் வகுப்பு அவற்றில் கோபுரம் கட்டியது,
சரித்தது, மறுபடி கட்டியது.

ஃபில்மோன் கட்டவில்லை.
அக்டோபரில் வந்தவன்.
மூன்று நாட்டுப் பள்ளிகளைப் பாதிப் பாதியாய்க் கடந்தவன்.
அம்மாவுக்குப் பன்றி ஆலையில் இரவு ஷிப்ட்.
எங்கள் பாடப்புத்தகமோ வாயாடி.
லியாம் ஹாக்கி அட்டைகள் வாங்குவான், தோழியிடம் பேசுவான்,
பங்கிடலாமா என யோசிப்பான்,
உன் சிந்தனையை விளக்கு என்பான்.
ஒரு சின்ன வகுத்தல்
பத்து வரி ஆங்கிலத்தின் அடியில் கிடக்கும்.
ஃபில்மோன் தோண்டிக்கொண்டே இருப்பான்.
மணி அடித்துவிடும்.

வகுப்பு என்றால் வகுப்பதுதான் போல.
இத்தனை மாதமும் அவனையே
மீதியில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
ராஸர் அவென்யூவில் பழைய சாமான் கடை.
கையுறையோடு பக்கம் புரளாது, கழற்றினேன்.
ஊறுகாய்க் குறிப்புக்கும் டிராக்டர் கையேட்டுக்கும் நடுவே
பச்சைத் துணி அட்டை. ஏழாம் வகுப்புக் கணிதம்.
உள்ளே ஐந்து பெயர்கள், ஒன்றின்கீழ் ஒன்று.
கடைசியாக கார்த் ஒஸ்டாப்சுக், 1964.
பக்கத்தில் பென்சிலில்: இது ஒரு நோய்.
விடைப்பக்கங்கள் மொத்தமும் கிழிந்திருந்தன.
கார்த் வேலையாகத்தான் இருக்கும்.
"பக்கம் குறையுதே, ஒரு டாலர் போதும்"
என்றாள் கடைக்கார டோரீன்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில்
நாற்பதையும் நானே போட்டேன்.
வாய் தானாக முணுமுணுத்தது:
இறக்கு, இறக்கு, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு.
கடன் என்று இப்போது சொல்லக்கூடாதாம்,
பயிலரங்கில் வேறொரு சொல் தந்திருக்கிறார்கள்.
சரிதான்.
வாங்கிய பத்தை எந்த இலக்கமும்
இதுவரை திருப்பிக் கொடுத்ததில்லை.
பரிதி எட்டிப் பார்த்து
"வீட்டுக் கடனா?" என்றான்.
"பார்லி" என்றேன்.

திங்கட்கிழமை இருபத்தாறு பிரதிகள்.
முக்காலே மூணு வீசம் பேர் முனகினார்கள்.
மேடிசன், இது சட்டப்படி சரியா என்றாள்.
"புஷல்னா என்ன மிஸ்?"
எனக்கும் சரியாகத் தெரியாது.
ஏதோ ஒரு அளவு, எண்ணைப் பார் என்றேன்.

ஃபில்மோன் பென்சிலைச் சீவினான்.
தாளைப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான்.
கதை எங்கும் இல்லை என்று உறுதியானதும்
படிக்கட்டில் இறங்குவதுபோல்
எண் எண்ணாக இறங்கத் தொடங்கினான்,
யாரிடமும் வழி கேட்காமல்.
அவன் வகுத்தலின் வீடு வேறு மாதிரி:
வகுக்கும் எண் வலப்பக்கம்,
ஈவு அதன் காலடியில்.
தலைகீழ் என்று திருத்தப் போன என் பேனாவை
நல்லவேளை, நானே பிடித்து நிறுத்தினேன்.

முப்பத்தேழாவது கணக்கு. 7854ஐ 26ஆல்.
அவன் விடை என் விடையோடு பொருந்தவில்லை.
தப்பு என்று போட்டேன்.
எழுந்து வந்தான்.
பேசவில்லை. என் தாளின் ஓரத்திலேயே
விடையை 26ஆல் பெருக்கினான், இரண்டைக் கூட்டினான்,
7854ஐ எழுதி அடிக்கோடிட்டான்.
பிறகு நான் எழுதியிருந்த 32இன்
மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே
பென்சில் முனையை வைத்துக் காத்திருந்தான்.

அங்கே ஒரு பூஜ்ஜியம் இருந்திருக்க வேண்டும்.

நாளை மறுபடி கட்டைகளை எடுப்பேன்,
மேடிசனுக்கு அவைதான் பிடிக்கும்.
இன்று சிவப்புப் பேனாவைத் திறந்து
என் விடைக்கு நேரே
பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன்.
அதைப் பார்த்துவிட்டுத்தான்
தன் நாற்காலிக்குப் போனான்.