வால் கணக்கு

பனங்காமத்து வன்னியனாருக்கு நான் ஓலை எழுதிய நாளில்
ஆண்டுத் திறை பன்னிரண்டு யானை.
நெல் குறைந்தால் மழையைச் சொல்லலாம்.
தேன் குறைந்தால் பாலை பூக்கவில்லை எனலாம்.
யானைக்குச் சொல்லச் சாட்டில்லை.
காடு அப்படியேதானே நிற்கிறது
என்று கேட்பார்கள் நல்லூரில்.

அந்தச் சித்திரையில் பதினொன்றுதான் வடக்கே நடந்தது.
பன்னிரண்டாவதைப் பனையோலைப் பெட்டியில்
உப்பிட்டு நான் சுமந்தேன்:
ஒரு முழ வால்,
நுனியில் கம்பிபோல மயிர்.

வழியில் செத்த யானைக்கு வாலே சாட்சி.
வழியில் செத்த மனிதருக்கு அதுவுமில்லை.
கயிற்றில் சிக்கி இடுப்பு முறிந்த மூவரைச்
செலவுப் பக்கத்தில்
தேங்காய்க்கும் இலுப்பெண்ணெய்க்கும் நடுவே
எழுதிய கை இது.

நயினாப் பணிக்கன்தான் வாலைக் கொண்டுவந்தான்,
மாளிகை வாசலுக்கு வெளியே, மருத நிழலுக்கு.
அவன் அதற்கு இப்பால் வரக்கூடாது.
நான் அதற்கு அப்பால் போகத் தேவையில்லை.
நடுவே மண்ணில் கிடந்தது அது.

'பெட்டை. அக்கராயனுக்கு இந்தப் பக்கம் விழுந்தது.
எழும்பவில்லை.'

நான் புரட்டிப் பார்த்தேன்.
வெட்டு வாயில் இரத்தம் ஊறிக் கட்டியிருந்தது.
செத்ததை வெட்டினால் அப்படி ஊறாது;
ஆடு அறுக்கிற வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும்.
எனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரிந்தது.
தோளில் மான்தோல் வார், அவிழ்த்த முடிச்சின் நெளிவு போகாமல்.
'சினையோ?' என்றேன்.
மருதில் ஏதோ ஒரு குருவி கத்தியது.
அதையே பதிலாக வைத்துக்கொண்டேன்.

பெட்டை ஒன்று. வழியில் சாவு. வால் உண்டு.

நல்லூரில் யானைப்பந்தி அதிகாரி
அதை மோந்துகூடப் பார்க்கவில்லை.
மகளுக்கு மோதிரம் முறுக்க நாலு மயிர் பிடுங்கினான்.
'உலகுடையான், நல்ல கறுப்பு' என்றான்.
நானும் ஒன்று எடுத்தேன். ஏனென்று தெரியாது.

ஆவணியில் குளம் வற்றி அடிச்சேறு வெடித்தபோது
பரண் காவலர் கண்டார்கள்:
அலைகரையில் ஒரு கூட்டம்,
அதில் வாலில்லாத ஒன்று
ஈ விரட்ட வழியின்றிச்
சேற்றை அள்ளி அள்ளி முதுகில் எறிந்தபடி.
வயிற்றின் கீழே
தும்பிக்கையை என்ன செய்வதென்று இன்னும் தெரியாத குட்டி.

கண்டவர் எல்லாரும் இருட்டு என்றார்கள்.
நிலவு நாள் அது.

மார்கழியில் குடலைப் பயிருக்குள் இறங்கியது.
மூன்று பறை விதைப்பு, விடியுமுன் தரையோடு தரை.
வயற்காரி சின்னநாச்சன் சேற்றுக் காலோடு வந்து நின்றாள்.
'கணக்கரே, செத்த யானை என் நெல்லைத் தின்றுவிட்டது.
இதை எழுத உம் ஏட்டில் இடம் உண்டோ?'

எழுத்தாணி அந்தரத்தில் நின்றது.

'பன்றி என்று எழுதும்' என்றாள் அவளே.
'பன்றிக்கு வரிக் கழிவு உண்டுதானே.'
சிரிக்கவில்லை.
எழுதினேன். அவ்வளவு பெரிய பன்றியை
வன்னியில் அதற்கு முன் யாரும் எழுதியதில்லை.

தையில் நல்லூர் ஓலை வந்தது.
சென்ற ஆண்டுக் குறை ஒன்றையும் கூட்டி
இவ்வாண்டு பதின்மூன்று.

அன்று நான் வாசலைத் தாண்டிப் போனேன்.
மருத நிழலில் நின்று வாசித்தேன்.
பணிக்கன் தோளிலிருந்து வாரை எடுத்தான்,
மடியில் போட்டான், எண்ணெய் தடவத் தொடங்கினான்.
அவன் மகன் வலக்கையில் இரண்டு விரல்தான்;
அவன் கயிறு திரித்துக்கொண்டிருந்தான்.

'கூடுதலாகக் கேட்கிறார்களே, எங்கே போவாய்?'

'வால் உள்ளதாய்ப் பார்த்துப் பிடிக்கிறேன், ஐயா.'

அந்த ஒற்றை மயிரை
எழுத்தாணிப் பிடியில் சுற்றி வைத்திருக்கிறேன்.
மற்ற எழுத்துக்கு ஒன்றும் செய்யாது.
௰௩ என்று கீறும்போது மட்டும்
அந்த வளைவில்
விரலைக் குத்துகிறது.