மூன்றாம் திருத்தம்

"முடங்கிய" என்ற சொல்லைப்
பச்சை மையால் அடித்தாள் லமாரா.
"கோணிய சக்கரத்தை நிமிர்த்துகிறவள் என்று போடு.
சொக்கட்டானில் என்னை எவனும் ஜெயித்ததில்லை,
அதையும்."

குத்தாய்சியில் மழை.
பட்டறைக்கு ஏப்ரல் வாடகை பாக்கி.
அழுகிற முகம் ஒன்று அனுப்பினால்
பெருந்தொகை தருவதாக
ஓர் அறக்கட்டளை எழுதியிருந்தது.
எனக்குக் கை அரித்தது, பொய் சொல்வானேன்.

படத்தை அவளே பொறுக்கினாள்:
பல்லிடுக்கில் ஸ்பேனர், கண்ணில் கேலி.

அதற்கு வந்தது
ரொட்டிக்கடை ஜுராபின் ஐந்து லாரி.
லாரி என்றால் வண்டியல்ல,
இந்த ஊர்க் காசு.
மே மாதமும் ஐந்து.
ஜூனில் மறந்துவிட்டார்.

கடைவாசலில் நாற்காலியைக் குறுக்கே நிறுத்தி
ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தாள் லமாரா.
கையெழுத்து விழும்வரை நகரவில்லை.

உள்ளே
ரொட்டி கருகும் வாசனை.