இருபத்தாறு கொட்டை

என் வேலை பதினோரு மாதம்.
அடையாள அட்டையில் 'களத் துணையாளர்' என்றிருக்கிறது.
முதுநகர் மீன் அங்காடியில்
'டீ வாங்கித் தர்ற பொண்ணு.'
இரண்டும் சரிதான்.

ரெக்கார்டருக்கு பேட்டரி, உட்காரப் பாய்,
சம்மதப் படிவம் நாற்பது, ஊதா மை டப்பா.
செதில் ஒட்டிய கட்டைவிரல்களில்
ரேகை பாதிதான் விழுகிறது.
மீதிக்கு நான் சாட்சி.

அன்றைக்கு சிமெண்டுத் தரையில்
சாக்பீஸால் கட்டங்கள் போட்டோம்:
தூக்கம், சமையல், ஏலம், விற்பனை, பஸ், ஓய்வு.
ஒரு புளியங்கொட்டை ஒரு மணி நேரம்.
ஆளுக்கு இருபத்து நாலு.
கொட்டை குறிஞ்சிப்பாடியில் எங்கள் வீட்டுப் பானையிலிருந்து வந்தது.
அதற்கு பில் கிடையாது.
பில் இல்லாததை வவுச்சரில் எழுத முடியாது.

அஞ்சலாட்சி குந்தி உட்கார்ந்து வைத்துக்கொண்டே போனாள்.
ஏலத்துக்கு இரண்டு.
ஐஸ் உடைக்க ஒன்று.
கூடையைப் பார்த்ததும் நிற்காமல் போகும் பஸ்ஸுக்கு,
கொஞ்சம் யோசித்து, இரண்டு.
நெல்லிக்குப்பம் தெருக்களுக்கு ஏழு.
தூக்கத்தில் நாலு போட்டு
நாலையும் விரலால் வரிசைப்படுத்தினாள்,
சின்னப் பிள்ளைகளைப் படுக்க வைப்பதுபோல.
குழாயடி, சமையல், சங்கத்துக் கூட்டம்...
உள்ளங்கை காலி.
"இன்னும் ரெண்டு குடு."

"அக்கா, ஒரு நாளைக்கு இருபத்து நாலுதான்."
"அது உன் நாளு.
உலை கொதிக்கும்போதே நான் எறா உரிக்கிறேன்,
அத எங்க வைக்க?
ராத்திரி ரெண்டு தரம் எழுந்து
மாமியார பொரட்டிப் போடுறேன்,
அது தூக்கமா, வேலையா? படிச்சவதானே, சொல்லு."

எனக்குத் தெரியவில்லை.
கேள்வித்தாளின் பின்பக்கத்தையும் பார்த்தேன்.

பக்கத்தில் பூங்காவனம்
தன் ஓய்வுக் கட்டத்திலிருந்த இரண்டையும் எடுத்து
அவள் பக்கம் தள்ளினாள்.
"சும்மா வெச்சேன், நீங்க கட்டம் போட்டுட்டீங்களேன்னு.
எடுத்துக்கடி."
சிரிப்பு. எல்லோரும். ரொம்ப நேரம்.

ராத்திரி பதினொன்றுக்கு ஹெட்போனை மாட்டி
அந்தச் சிரிப்பை எழுத்தாக்கினேன்:
(சிரிப்பு, பதினான்கு நொடி).
பின்னணிச் சத்தம் எழுத வேண்டாம் என்பது விதி.
ஐஸ் உடைவதையும் எழுதினேன்.

கணினி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.
பதினேழாம் வரிசை இருபத்தாறு, சிவப்பு.
பதினெட்டாம் வரிசை இருபத்திரண்டு, சிவப்பு.
இரண்டையும் கூட்டிப் பார்த்தால்
இரண்டு நாள், சரியாக.
கூட்டிப் பார்க்கச் சொல்லும் ஃபார்முலா அதில் இல்லை.

தில்லைநாயகம் சார் போனில் சுருக்கமாகச் சொன்னார்:
"என்ட்ரி மிஸ்டேக்மா, ரெண்டையும் இருபத்து நாலாக்கிடு."
ஆக்கினேன்.
பத்தாவது மாதம் அது. ஒப்பந்தம் நீளுமா என்று
யாரும் சொல்லியிருக்கவில்லை.
பூங்காவனத்துக்கு ஓய்வைத் திருப்பிக் கொடுத்தேன்.
அஞ்சலாட்சியின் இரண்டை எடுத்து
என் பர்ஸில் சில்லறையோடு போட்டுக்கொண்டேன்.

முடிவுகளை ஊருக்கே திருப்பிச் சொல்லும் கூட்டம்
புயல் பாதுகாப்பு மையத்தில்.
வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினோம்.
வட்டப்படம் வந்தது; ஓய்வுக்குப் பச்சை.
காற்றில் வேட்டி உப்பி
பச்சை கொஞ்சம் பெருத்தது.

பூங்காவனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்,
"இதுல நான் ரெஸ்ட் எடுக்குறேனா?"
அஞ்சலாட்சி திரையைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.
"என் ரெண்டு எங்க?"

மேடம் திரும்பினார். சார் கண்ணாடியைத் துடைத்தார்.
அறுபது வடை, பில் உண்டு,
பேசினுக்குள் ஆறிக்கொண்டிருந்தது.
மைக்கைப் பிடிக்க மட்டுமே வந்தவள் நான்,
யார் பேசினாலும் அவர் வாயருகே நீட்டுவதற்கு.
முதல்முறையாக அதை என் பக்கம் திருப்பினேன்.
கீச்சிட்டது.

"பதினேழாவது வரிசை," என்று ஆரம்பித்தேன்.