பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய்

பெயிண்ட் கடையில் கணக்கெழுதுகிறேன்.
பகலெல்லாம் பேரேடு, பற்று, வரவு,
பாக்கி வைத்தவர்களின் பெயர்கள்.
இரவு பத்துக்கு மேல்
அதே பேனா, வேறு நோட்டு.
கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தால்
விடிவதற்குள் தேடிப் பிடித்துவிடுவேன்.
கதையில் எது உதைக்கிறதென்று
ஏழு வருடமாகப் பிடிபடவில்லை.

தேவகோட்டைக் கிளை நூலகத்தில்
நான் எடுக்கும் நாவல்களை
எனக்கு முன்னால் யாரோ எடுத்திருக்கிறார்.
கோடு போடுகிற ஆள் இல்லை.
பிடித்த இடத்தில் மூலையை மடிப்பார்,
கால் அங்குலம், அதற்கு மேல் போகாது.
மடித்த பக்கங்களை மட்டும் படித்துப் பார்த்தேன்.
பாதியில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.
மீதிப் பாதியில்
நான் எழுத நினைத்துக் கோட்டைவிட்ட வரிகள்.
என் புத்தகத்திலும் அந்த ஆள்
ஒரு மூலை மடித்தால் போதும்.
போதும் என்பது பொய்.
பரிசு வேண்டும், கூட்டம் வேண்டும்,
கன்னத்தில் கை வைத்தபடி
பின்னட்டையில் ஒரு படம் வேண்டும்.
அதற்கென்றே எடுத்த சட்டை
இப்போது வயிற்றில் இறுக்குகிறது.

சென்னையில் மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன்.
ஒன்று வாயே திறக்கவில்லை.
இன்னொன்று கேட்டது,
'செட்டிநாட்டுக் கதை என்கிறீர்களே,
ஆயிரம் ஜன்னல் வீடு எங்கே?
பர்மா தேக்கு எங்கே?'
என் கொப்பாத்தாள் அரியக்குடிப் பக்கம்
ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறாள்.
அவள் வீட்டுக்கு ஒரே ஜன்னல்.
திறந்தால் அடுத்த வீட்டு மோட்டார் குழாய்.
மூன்றாவது பதிப்பகம் மிக மரியாதையாக எழுதியது.
'தங்கள் படைப்பு சிறப்பு.
இருநூறு பிரதிகளைத் தாங்களே
வாங்கிக்கொள்வதானால்...'
அந்த 'ஆனால்'
ஐந்தொகையில் எந்தப் பக்கம் வரும்?

அனுப்புவதற்கு முன் தட்டச்சு செய்தவள் ஜெனோவா.
ராம் நகரில்
ஜெராக்ஸ் மெஷினுக்கும் லேமினேஷனுக்கும் நடுவில்
ஒரு நாற்காலி, ஒரு கணினி.
கிரயப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை,
கண்ணீர் அஞ்சலி, எல்லாம் ஒரே வேகம்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் போன் செய்தாள்.
"சார், இந்தக் கொப்பாத்தா
அந்தாளு பணத்தைத் திருப்பிக் குடுப்பாளா, மாட்டாளா?"
"மிச்சம் உங்ககிட்டதானே இருக்கு, படிங்க."
"படிச்சா வேகம் கொறையுது சார்.
அதான் கேட்டுக்கிட்டு அடிக்கலாம்னு."
அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை.
என் எழுத்து ஒருத்தியின் வேலையைக் கெடுத்திருக்கிறது.
வாழ்க்கையில் முதல் முறை.

பிழை திருத்தும்போதுதான் பார்த்தேன்.
நான் எழுதியது,
'கொப்பாத்தாள் கதவைத் திறந்தாள்.'
அடித்து வந்திருந்தது,
'கொப்பாத்தாள் கதவைத் துறந்தாள்.'
சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.
கொஞ்ச நேரம் கழித்து மாட்டினேன்.
அவள் அந்த வீட்டைவிட்டுப் போவதற்கு
நான் இருபது பக்கம் செலவழித்திருந்தேன்.
ஜெனோவாவிடம் கேட்டால்,
"உங்க கையெழுத்து அப்படித்தான் சார் இருந்துச்சு."
நோட்டை எடுத்துப் புரட்டினேன்.
அந்த இடத்தில் வியர்வை பட்டு மை பரவியிருக்கிறது.
திறந்தாளா, துறந்தாளா,
எழுதின எனக்கே தெரியவில்லை.

மூன்று பிரதிகளும் 'துறந்தாள்' என்றுதான் சென்னை போயின.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
புரிந்துகொண்டார்களோ,
அதுவரை வரவே இல்லையோ.

இருநூற்றுப் பத்துப் பக்கம்.
மூவாயிரத்து நூற்றைம்பது ஆகவேண்டும்.
மூவாயிரத்து நூற்று முப்பத்தைந்துக்குத்தான்
பில் போட்டிருந்தாள்.
"ஒரு பக்கத்துக்கு வேணாம் சார்."
எந்தப் பக்கம் என்றேன்.
கல்யாணப் பத்திரிகைக்கு ஆள் வந்துவிட்டது.
மணமகள் பெயரில் வருவது சின்ன 'ன'வா, 'ண'வா என்று
திரும்பி அவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினைந்து ரூபாய் உதைக்கிறது.
தேடாமல்
அடுத்த பக்கத்துக்கு எடுத்தெழுதினேன்.