சாவித் துவாரம்

மெல்ல வாருங்கள்.
இரண்டடி ஏறினால் ஒன்றரை அடி சறுக்கும்,
ஃபோகோ தீவின் சாம்பலுக்கு அதுதான் கணக்கு.
கைக்கம்பை அங்கே ஊன்றாதீர்கள்,
மூன்றாம் முறை சொல்கிறேன்.
அந்தக் குழிக்குள் திராட்சைக்கொடி
காற்றுக்குத் தலைகாட்டாமல்
குப்புறப் படுத்திருக்கிறது.

இப்போது நாம் நிற்பது கூரை.
கீழே என் சமையலறை.
எரிமலைக் குழம்பு அவசரப்படவில்லை.
தெருத் தெருவாக, தபால்காரர் மாதிரி வந்தது.
கதவு ஜன்னல்களைக் கழற்ற நேரம் தந்தது.
கழுதைமேல் கட்டிலா, கடைசிப் பீப்பாயா என்று
அர்லிண்டு என் முகத்தைப் பார்த்தான்.

இன்றுவரை தரையில்தான் படுக்கிறோம்.

உட்காருங்கள். இது வெள்ளை.
முகர்ந்தவுடன் எல்லோரும்
"புகை! மலையின் மூச்சு!" என்கிறீர்கள்,
குறிப்பேட்டில் எழுதியும் கொள்கிறீர்கள்.
சுவருக்கு அந்தப் பக்கம்
அர்லிண்டு ஆட்டுத்தொடை வாட்டுகிறான்.
நான் வாய் திறப்பதில்லை.

பயமில்லையா என்கிறார் சிவப்புத் தொப்பிக்காரர்.
போன வாரம் நாற்பது குழி தோண்டினோம்.
காய்க்க நாலு வருஷம் ஆகும்.

சிந்தியதற்குத் துணி தேடாதீர்கள்,
அந்தத் துவாரம் வழியே இறங்கிவிடும்.
ஆமாம், மேசையில்லை, கதவு.
அடிப்பக்கம் குனிந்து பாருங்கள்,
நீலம் இன்னும் உரியவில்லை.

சாவியா?
இருக்கிறது, இதோ, இடுப்பில்.
தினமும் எண்ணெய் போடுகிறேன், ஏனென்று கேட்காதீர்கள்.

அடுத்தது சிவப்பு.
குடிதண்ணீருக்குத் தனிக் காசு.