ஐம்பத்தெட்டும் ஓர் அம்பும்

ஏப்ரலில் ரங்கூனில் நனையாமல் தெருவில் நடக்க
ஒன்று துறவியாக இருக்க வேண்டும்
இல்லை பிணமாக.
மூன்றாவதாக நான்.

இடுப்பு மடிப்பில் பம்ப்.
அதிலிருந்து வயிற்றுக்கு நூலளவு குழாய்.
இடது கையின் பின்புறம் சென்சார்:
சட்டைப் பொத்தானை விடச் சற்றுப் பெரிது,
பத்து நாள் ஆயுசு,
பன்னிரண்டு நாள் இழுத்துவிடுவேன்.
சிங்கப்பூரிலிருந்து வரும் சித்தப்பா மகன்
கைலிகளுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவருவான்.
பம்ப் அங்கே யாரோ கழித்துவிட்டது.
முதுகில் பாதி உரிந்த ஸ்டிக்கர்,
அதில் மிஞ்சிய பெயர்: லிம்.
கரண்ட் போய், இன்சுலின் குப்பியை
ஈரத்துணி சுற்றி மண்பானைக்குள் இறக்கும் இரவுகளில்
அந்த லிம்மிடம் பேசியிருக்கிறேன்.
உனக்கு இப்போது எவ்வளவு? எனக்கு இருநூற்றுப் பத்து.

ஆஸ்பத்திரி அட்டையில் மா ஷ்வே,
வீட்டில் பொற்கொடி.
நோய்க்கு இரண்டு பெயரும் தெரியும்.

திருவிழாவின் இரண்டாம் நாள்.
உளுந்து மண்டிக்கு லீவு, கப்பலுக்கு இல்லை.
பில்லைக் கொடுத்துவிட்டு வரவேண்டும்,
ஐம்பத்தோராம் தெருவிலிருந்து படகுத்துறை வரை.
பம்புக்கு மூன்று பாலித்தீன் பை, இரண்டு ரப்பர் பேண்டு.
போனுக்கு ஒரு பை.
ஈரவிரலுக்குத் திரை மசியாது என்பது
பாதி வழியில்தான் உறைத்தது.

முனையில் ஹோஸ் பிடித்து நின்றான் ஒருவன்,
கன்னத்தில் தனக்கா, பதினைந்து வயதிருக்கும்.
தண்ணீர் வந்த வேகத்தில்
நான் வயிற்றின் மேல் கவிழ்ந்தேன்,
இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு.
"நிறுத்துடா, பிள்ளைத்தாய்ச்சி!"
பர்மியத்தில் ஒரு பெண் அலறினாள்.
ஹோஸ் அணைந்தது.
பாட்டு அணைந்தது.
எனக்கு நாற்காலி வந்தது.

இல்லை என்று சொல்ல வாய் திறந்தபோது
இடுப்பில் மூன்று முறை கூவியது.
பைக்குள் மங்கலாக
ஐம்பத்தெட்டு.
பக்கத்தில் அம்பு, தலைகீழாக.
தெரு கொஞ்சம் தள்ளிப் போனது.
மஞ்சள் பிடாவ் பூக்கள்
மரத்தில் இருந்தனவா என் கண்ணிலா, தெரியவில்லை.
பம்பை நிறுத்தினேன். அது மட்டும் விரலுக்குத் தெரியும்.
"இனிப்பு" என்றேன். தமிழிலா பர்மியத்திலா,
அதுவும் தெரியவில்லை.

கொதிக்கும் சட்டியில் மிதந்து வந்த
அரிசிமாவு உருண்டைகள் மூன்று, தேங்காய்ப்பூ தூவி.
உள்ளே பனைவெல்லம் இருக்கும்.
சிலதில் விளையாட்டுக்கு மிளகாய் வைப்பார்கள்.
எனக்கு வந்தது எது என்று
சொல்லவும் வேண்டுமா.

காது அடைத்தது, மூக்கு ஒழுகியது,
வியர்வையில் இது சர்க்கரையின் பங்கு
இது மிளகாயின் பங்கு என்று பிரிக்க முடியவில்லை.
பிள்ளைத்தாய்ச்சி என்பதை மறந்து
தெருவே சிரித்தது.
நானும் சிரித்தேன், அழுதபடி,
அடுத்த இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டு.
பல் பட்டதும் வெல்லம் உடைந்தது.

பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.
அலறிய பெண், டோ கின் சோ,
பக்கத்தில் குந்தி மெல்லக் கேட்டாள்:
"எத்தனை மாதம்?"
"இருபத்தொரு வருஷம்."

பாலித்தீனை அவிழ்த்துக் காட்டினேன்.
ஹோஸ் பையன் நெருங்கி வந்தான்.
"சார்ஜ் போடணுமா?"
"பேட்டரி மாத்தணும்."
"உங்களுக்கு?"
"மாத்திட்டே இருக்கேன்."

எண்பத்தொன்று.
அம்பு படுத்துக்கொண்டது.

எழுந்தபோது வெள்ளிக் கிண்ணத்தோடு நின்றான்,
நாவல் கொழுந்து மிதக்க.
எந்தப் பக்கம் என்று கண்ணால் கேட்டான்.
வலது தோளைக் காட்டினேன்.
ஒரு கை அளவுதான் ஊற்றினான்.
முதுகு வழியே இறங்கி
குழாய்க்கு ஒரு சாண் மேலே நின்றது.

துறைமுகத்தில் பில்லை விரித்தேன்.
மை கரைந்து
நூற்றிருபது டன் உளுந்து
நீலக் கறையாகியிருந்தது.
குமாஸ்தா திட்டினான்.
உட்கார்ந்து மறுபடி எழுதினேன்.
கை நடுங்கவில்லை.